விண்ணப்பம் யார் கையில்?

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகிற மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். இத்தனை காலத்தில் இந்தத் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பத்தை, முதல் படிவத்திலிருந்து சேர்க்கை முடிந்து மாணவர் அட்டை கைக்கு வரும்வரை, மாணவரே செய்ய வேண்டும். என்னைப் போன்றவர்கள் பக்கத்தில் இருந்து பார்க்கலாம், பிழை கண்டால் சொல்லலாம், நாள் தவறுவதற்குள் எச்சரிக்கலாம். அவருக்காக உட்கார்ந்து நிரப்பக் கூடாது. 2022-23 குளிர்காலப் பருவத்தில்தான் ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களை முந்தி இந்தியர்கள் முதலிடத்துக்கு வந்தார்கள். 2023-24இல் ஏறத்தாழ 49,500 பேர். அடுத்த ஆண்டே 59,000-ஐத் தாண்டிவிட்டது. கூட்டம் கூடக் கூட சென்னை, கோவை, திருச்சி, மதுரை என்று கன்சல்டன்சி பலகைகளும் கூடின. ‘சான்றிதழை மட்டும் கொடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பதுதான் அநேகமாக எல்லாப் பலகைகளுக்கும் பின்னால் இருக்கிற வாக்குறுதி. அதை நம்புகிற பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ‘மீதி’ என்பதில் என்னென்ன இருக்கிறது, அதை வேறொருவர் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதை அவர்களுக்கு யாராவது விளக்கிச் சொல்ல வேண்டும்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் ஆள் சேர்த்துத்தரும் ஏஜென்ட்டுகளுக்கு வெளிப்படையாகவே கமிஷன் கொடுக்கின்றன. மாணவர் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு அது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணமே கிடையாது. பங்கு எங்கிருந்து வரும்? ஆகவே ஜெர்மனி வேலையில் இருக்கும் ஏஜென்ட்டுக்கு வருமானம் இரண்டு வழியில்தான் வர முடியும். ஒன்று, மாணவரிடம் வாங்கும் ‘பேக்கேஜ்’ தொகை. இன்னொன்று, கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரி தரும் கமிஷன். இரண்டாவது வழி பெரியது. ‘உங்கள் பையன் சிஜிபிஏவுக்கு அரசுப் பல்கலைக்கழகம் கஷ்டம் சார், இந்த இடத்தில் நிச்சயம் கிடைக்கும்’ என்ற வாக்கியம் எந்த மேசையில் சொல்லப்பட்டாலும், அந்த ‘நிச்சயம்’ எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். தனியார் கல்லூரி எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. அரசு அங்கீகாரம் பெற்று, நன்றாக நடக்கிறவை இருக்கின்றன. ஆனால் பாடத்தில் பெரும்பகுதியை இணையவழியில் நடத்தும் இடங்களும் இருக்கின்றன. மாணவர் விசா என்பது வகுப்பறைக்கு வந்து படிப்பதற்காகத் தரப்படுவது. 2025இல் பெர்லின் குடிவரவு அலுவலகம் இந்த வேறுபாட்டைக் கறாராகப் பார்க்கத் தொடங்கியபோது, கடன் வாங்கிப் போயிருந்த இந்திய மாணவர்கள் சிலர் நாடு திரும்பச் சொல்லப்படும் நிலைக்கு ஆளானார்கள். அவர்களுக்காகக் கையெழுத்திட்ட ஏஜென்ட் யாரும் அந்த அலுவலகத்தில் பதில் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

‘ஜெர்மனியில் படிப்பு இலவசம்’ என்ற வாக்கியத்தையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2014-15 பருவத்தோடு லோயர் சாக்சனி கட்டணத்தை நீக்கியதும் நாடு முழுக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவான கட்டணம் இல்லாமல் போனது உண்மை. பிறகு 2017-18இல் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ விதித்தது. ஹைடல்பெர்க், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ எல்லாம் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வெளிநாட்டவரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது; முதுநிலைக்குப் படிப்பைப் பொறுத்துப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. மற்ற இடங்களில் பெரும்பாலும் பருவத்துக்கொரு முறை கட்டும் சிறிய தொகை ஒன்றுதான், பல ஊர்களில் அதற்குள்ளேயே பயண அட்டையும் அடக்கம். மீதிச் செலவுகள் எல்லாமே பொதுவெளியில் அறிவிக்கப்பட்டவை. நம் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் உனி-அசிஸ்ட் நிறுவனத்துக்கு ஒரு பருவத்தின் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. விசாவுக்கு 75 யூரோ. 2024 செப்டம்பர் முதல் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். அது மாணவரின் சொந்தப் பணம், அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக அவருக்கே திரும்பி வரும். இவற்றில் ஒன்றைக்கூட எந்த ஏஜென்ட்டும் குறைத்துத்தர முடியாது. வேகப்படுத்தவும் முடியாது. அவரால் முடிந்தது தன் கட்டணத்தை இவற்றோடு சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வது மட்டும்தான்.

என் வாதத்தின் மையம் பணமல்ல, தாள்கள். ஜெர்மன் பல்கலைக்கழகம் கேட்கும் தாள்கள் ஒவ்வொன்றும் மாணவருக்கு மட்டுமே முழுதாகத் தெரிந்த ஒரு விவரத்தைக் கேட்கின்றன. மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். அங்கே 1 என்பது மிகச் சிறப்பு, 4 என்பது தேர்ச்சியின் கடைசிப் படி. நம் மதிப்பெண்ணை அந்த அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. பவேரியன் ஃபார்முலா என்பார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டினால் ஜெர்மன் மதிப்பெண். பத்துக்கு 7.8 எடுத்த ஒருவரைக் கணக்கிட்டுப் பாருங்கள். தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் 5 என்று வைத்தால் விடை 2.32. அதே 7.8-க்குக் குறைந்தபட்சம் 6 என்று வைத்தால் 2.65. நிறைய முதுநிலைப் படிப்புகள் 2.5-ஐ வாசற்படியாக வைத்திருக்கின்றன. ஒரே மாணவர், ஒரே மதிப்பெண். ஒரு கணக்கில் உள்ளே, இன்னொரு கணக்கில் வெளியே. குறைந்தபட்சம் எது என்பது அவர் படித்த பல்கலைக்கழகத்தின் எந்த ஆண்டு ரெகுலேஷன் அவருக்குப் பொருந்துகிறது என்பதில் இருக்கிறது. பல நேரம் மார்க் ஷீட்டின் பின்பக்கத்திலேயே சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். இறுதி முடிவு ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் கையில்தான். ஆனால் எங்கே விண்ணப்பிப்பது என்ற முடிவு இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. பத்துப் பதினைந்து கல்லூரிப் பிள்ளைகளின் ஃபைலை ஒரே நாளில் பார்க்கிறவர், எல்லோருக்கும் ஒரே எண்ணைப் போட்டு ஒரே கால்குலேட்டரில் தட்டிவிட்டுப் போவார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் அக்கறை அந்த மார்க் ஷீட்டின் சொந்தக்காரருக்குத்தான் வரும்.

பாடத்திட்ட ஒப்பீடு இதைவிடக் கடினம். முதுநிலையில் இடம் கொடுக்கும் முன் அங்குள்ள துறை, இளநிலையில் நீங்கள் எந்தெந்தத் துறையில் எவ்வளவு படித்தீர்கள் என்று பார்க்கிறது. கணிதத்தில் இத்தனை ஈசிடிஎஸ், மின்னியலில் இத்தனை, செய்முறையில் இத்தனை என்று பிரித்துக் கேட்கும். ஜெர்மனியில் ஒரு ஈசிடிஎஸ் என்பது ஏறத்தாழ 30 மணி நேர உழைப்பு, ஆண்டுக்கு 60. நம் கிரெடிட்டுக்கும் இதற்கும் ஒன்றுக்கொன்று நேர் இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு விதமாக மாற்றுகிறது. மெக்கானிக்கல் படித்தவர் மெகட்ரானிக்ஸுக்குப் போக நினைத்தால், இரண்டாம் ஆண்டில் படித்த எலக்ட்ரிகல் பாடம், ஐந்தாவது செமஸ்டரில் எடுத்த ஓப்பன் எலெக்டிவ், கட்டுப்பாட்டுப் பொறியியலின் ஆய்வகம் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் உள்ளடக்கத்தையும் அங்குள்ள பாட விவரக் கையேடான மாட்யூல் ஹேண்ட்புக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2013 ரெகுலேஷன் வேறு, 2017 வேறு, 2021 வேறு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்கள் பாடத்திட்டமே தனி. சில கல்லூரிகளில் பழைய பாடத்திட்டத்தைத் துறை அலுவலகத்தில் போய்க் கேட்டால்தான் கிடைக்கும். ஒரே பெயருள்ள பாடத்தில் ஒரு கல்லூரி எண்முறைப் பகுப்பாய்வை நடத்தியிருக்கும், இன்னொன்று விட்டிருக்கும். எது நடந்தது, எது நடக்கவில்லை, எந்த யூனிட்டை முழுதாகப் படித்தோம், எதைத் தேர்வுக்கு மட்டும் புரட்டினோம் என்பது வகுப்பில் உட்கார்ந்தவருக்குத் தெரியும். நான் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் எனக்குத் தெரியாது. இந்த ஒப்பீட்டு அட்டவணையை மாணவரே போட்டால் அவருக்கு இன்னொரு நன்மையும் உண்டு: அந்தப் படிப்பில் முதல் பருவத்தில் எங்கே திணறப்போகிறோம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பலர் இந்த வேலையைப் பாதியில் நிறுத்தி, தங்களுக்கு ஒத்துவருகிற வேறு படிப்பைத் தேடிப் போகிறார்கள். அதைத் தோல்வியாக நான் பார்க்கவில்லை. அந்த அட்டவணையின் முக்கியமான பயனே அதுதான்.

பெயர் விஷயம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய தலைவலி. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இன்ஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’, பட்டச் சான்றிதழில் ‘கார்த்திக் எஸ்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக்’ என்று மட்டும் இருந்து குடும்பப்பெயர்க் கட்டம் காலி, அல்லது அப்பா பெயர் செல்வராஜ் அங்கே முழுதாக. நமக்கு இந்த நான்கும் ஒரே ஆள். அங்குள்ள படிவத்துக்கு முதல் பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டமும் நிரம்ப வேண்டும், எல்லாத் தாளும் ஒத்துப்போக வேண்டும். ஏபிஎஸ்ஸில் ஒரு மாதிரி, உனி-அசிஸ்டில் ஒரு மாதிரி, பிளாக்டு அக்கவுண்டில் இன்னொரு மாதிரி நிரப்பிவிட்டால், பிறகு வங்கியிலும் காப்பீட்டிலும் நகராட்சிப் பதிவிலும் ஒவ்வொரு மேசையாக விளக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். முதல் படிவத்தைத் தொடும் முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்துகொண்டு, அதில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதினால் முடிந்தது. ஆனால் மூன்று படிவங்களை மூன்று ஊழியர்கள் நிரப்பும் அலுவலகத்தில் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

எஸ்ஓபி என்று நாம் சொல்லும் நோக்கக் கடிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘சிறு வயதிலிருந்தே இயந்திரங்கள்மீது எனக்கு ஆர்வம்’ என்று தொடங்கும் கடிதத்தை ஒரே கன்சல்டன்சி எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கும் என்று அதைப் படிக்கும் பேராசிரியருக்குத் தெரியாதா என்ன? படிப்பின் பெயரையும் ஊரின் பெயரையும் மட்டும் மாற்றி அனுப்பிய கடிதம், விசா அலுவலர் ‘இந்தப் படிப்பில் எந்த மாட்யூலுக்காகப் போகிறீர்கள்’ என்று கேட்கும்போது துணைக்கு வராது. தானே அட்டவணை போட்டுப் பார்த்த மாணவரிடம் அதே கேள்வியைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். முதல் தலைமுறைப் பட்டதாரி, ஊரில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள், வீட்டில் ஆங்கிலப் படிவத்தைப் பார்த்தவர் யாருமில்லை. அவரைப் பார்த்து ‘நீயே செய்’ என்பது வசதியுள்ளவன் பேசும் பேச்சு அல்லவா? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழியில்தான் நடக்கிறது. கட்-ஆஃப் கணக்கிட்டு, பழைய ஆண்டுகளின் நிலவரத்தைப் பார்த்து, நூற்றுக்கணக்கான கல்லூரிக் குறியீடுகளிலிருந்து வரிசைப்பட்டியல் தயாரித்து, குறித்த மணிக்குள் உறுதிசெய்கிற வேலையை, பதினேழு வயதில், கிராமத்துப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் செய்திருக்கிறார்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்தாலும் முடிவு அவர்களுடையதுதான். அதைவிட ஜெர்மன் விண்ணப்பம் சிக்கலானது அல்ல, நீளமானது, அவ்வளவுதான். தேவையான விவரங்களும் பூட்டிவைக்கப்படவில்லை. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட்-இன் இணையதளத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகளின் பட்டியல் இலவசமாக இருக்கிறது. அந்த அமைப்புக்குச் சென்னையிலேயே தகவல் மையம் உண்டு. நம் கல்லூரியை ஜெர்மனி எப்படி மதிக்கிறது என்பதை அனபின் என்ற தரவுத்தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைக்கு இல்லாதது திறமை அல்ல, பக்கத்தில் இருந்து ‘ஆமாம், சரிதான், அடுத்ததுக்குப் போ’ என்று சொல்ல ஒரு ஆள். அந்த இடத்தை நிரப்பத்தான் ஆலோசகர் வேண்டும். அவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டால் அந்தப் பிள்ளை எங்கே இருந்தாரோ அங்கேயேதான் இருப்பார், விமானம் ஏறிய பிறகும்.

‘ஒரு தவறு செய்தால் ஒரு வருடம் போய்விடும், அனுபவசாலி செய்தால் தவறு வராது’ என்பது அடுத்த மறுப்பு. முதல் பாதி உண்மை. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் இல்லாமல் மாணவர் விசா கிடையாது. டில்லியிலிருந்து அது வர, கூட்டமான மாதங்களில் நினைத்ததைவிட நாளாகும். குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15 பொதுவான கடைசி நாள் என்றாலும், வெளிநாட்டவருக்கு மார்ச்சிலோ மே மாதத்திலோ கதவை மூடிவிடும் பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. விசா மறுக்கப்பட்டால் முன்பெல்லாம் அதே அலுவலகத்திடம் மறுபரிசீலனை கேட்டு எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை மூடிவிட்டார்கள். இனிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஆக, தவறின் விலை கூடித்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் பாதி அவ்வளவு சரியில்லை. ஏஜென்ட் செய்யும் தவறுக்கும் வருடத்தை இழப்பது மாணவர்தான். உனி-அசிஸ்ட் ஒரு விண்ணப்பத்தில் குறை கண்டால் பதிவுசெய்த மின்னஞ்சலுக்கு எழுதுகிறது. கடைசி நாளுக்குள் விடுபட்ட தாளை அனுப்பினால் விண்ணப்பம் பிழைக்கும். அந்த மின்னஞ்சல் கன்சல்டன்சியின் பெயரில் உருவாக்கப்பட்டிருந்தால், கடவுச்சொல் மாணவரிடம் இல்லாவிட்டால், அந்தக் கடிதம் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். இந்தத் தொழிலில் நான் பார்த்த இழப்புகளில் கணிசமானவற்றுக்குக் காரணம் மாணவரின் அறியாமை அல்ல. தனக்கு வந்த கடிதத்தை அவரால் படிக்க முடியாமல் போனதுதான். சேர்க்கைக் கடிதம் வந்து நாட்கள் கடந்த பிறகே மாணவருக்குத் தெரியவருவதும், இடத்தை ஏற்றுக்கொள்ளும் கெடு அதற்குள் முடிந்திருப்பதும் இப்படித்தான் நடக்கிறது.

சேர்க்கைக் கடிதம் வந்ததும் வேலை முடிந்தது என்று வீட்டில் இனிப்பு வாங்குகிறார்கள். வாங்கட்டும். ஆனால் அந்தக் கடிதம் இடம் இருக்கிறது என்று சொல்கிறது, அவ்வளவே. குறித்த நாளுக்குள் பதிவு செய்தால்தான் மாணவர். அந்த இடம் அந்த ஒரு பருவத்துக்கானது. அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்பதை உரிமையாகக் கேட்க முடியாது. இறுதி செமஸ்டர் முடிவு தாமதமாகி, பட்டமளிப்பு இன்னும் தாமதமாகும் நம் ஊரில், புரொவிஷனல் சான்றிதழை ஏற்பார்களா, எந்தத் தேதிவரை ஏற்பார்கள் என்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மாணவரே எழுதிக் கேட்க வேண்டும். நான்கு வரிக் கடிதம் போதும். பெயர், விண்ணப்ப எண், கேள்வி, நன்றி. அவர்கள் மாணவருக்குத்தான் பதில் எழுதுவார்கள். தனியுரிமைச் சட்டம் காரணமாக மூன்றாவது ஆளுக்குப் பெரும்பாலும் வாயே திறக்கமாட்டார்கள். இந்தக் கடிதத்தைக் கூச்சமில்லாமல் எழுதப் பழகியவருக்கு அங்கே போனபின் பாதிப் பயம் போய்விடும்.

மருத்துவக் காப்பீடு இருக்கிறது பாருங்கள், அதில்தான் ‘எல்லாம் எங்கள் பேக்கேஜில் சேர்ந்தது’ என்ற வார்த்தை மிகுந்த சேதம் செய்கிறது. 30 வயதுக்குட்பட்ட மாணவர் அங்கே சட்டப்படியான பொதுக் காப்பீட்டில் சேரலாம். மாதச் சந்தா நூறு யூரோவைத் தாண்டும் என்பதால், அதைவிட மலிவாக ஒரு தனியார் பாலிசியை எடுத்துக்கொடுத்து ‘பணம் மிச்சம்’ என்பார்கள். பதிவின்போது பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு தனியாருக்குப் போய்விட்டால், படிப்பு முடியும்வரை திரும்பி வர முடியாது. மலிவான பாலிசிகளில் பலவற்றில் முன்பே இருந்த நோய், மனநல சிகிச்சை, மகப்பேறு எல்லாம் வெளியே. பல்கலைக்கழகம் பதிவு செய்யும் முன், காப்பீட்டு நிறுவனம் மின்னணு முறையில் எம்10 என்ற அறிவிப்பை நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அது போய்ச்சேராமல் பதிவு முடியாது. இருபத்துமூன்று வயதுப் பிள்ளையின் உடல்நலம் பற்றிய, திரும்பப் பெற முடியாத ஒரு முடிவை, அவருக்குப் புரியாமலே இன்னொருவர் கையெழுத்து வாங்கி முடித்துவைப்பதை நான் மன்னிக்க முடியாத காரியமாகவே நினைக்கிறேன்.

ஜெர்மனிக்குப் போனதும் நடப்பவை எல்லாம் அதே வகை வேலைதான். வீடு மாறியதும் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம், ஆன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக்கடிதம் வேண்டும். அறை பார்க்கும்போதே ‘இந்த முகவரியில் பதிவு செய்ய அனுமதிப்பீர்களா’ என்று கேட்காதவர், முன்பணம் கட்டியபின் மாட்டிக்கொள்வார். பதிவு இல்லாவிட்டால் வரி எண் தாமதமாகும், வங்கி வேலை இழுக்கும், வதிவிட அனுமதிக்கு நாள் வாங்குவதும் சிரமமாகும். பகுதிநேர வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் என்று 2024 மார்ச்சிலிருந்து வரம்பு. அந்தக் கணக்கை வைத்துக்கொள்வதும் அவர்தான். இந்த ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி உழைப்புதான்: என்ன கேட்கிறார்கள் என்று படிப்பது, இல்லாத தாளைக் கண்டுபிடிப்பது, எழுதிக் கேட்பது, நகல் வைத்துக்கொள்வது, நாளைத் தவறவிடாமலிருப்பது. ஊரில் இருந்தபோது இதைப் பல மாதம் செய்துபார்த்தவர் அங்கே முதல் வாரத்திலேயே தட்டுத்தடுமாறியாவது நடப்பார். எல்லாவற்றையும் வேறொருவர் செய்துகொடுத்து, ஒரு ஃபைலோடு விமானத்தில் ஏறியவர், அக்டோபர் குளிரில், அறையும் இல்லாமல், முதன்முதலாக ஒரு படிவத்தைத் தனியாக எதிர்கொள்வார். இந்த வித்தியாசம் முதல் பருவத்தின் தேர்வு முடிவுகளிலேயே தெரிகிறது என்பது என் கணிப்பு.

அப்படியானால் ஆலோசகர் எதற்கு, இந்தத் தொழிலுக்குக் காசு எதற்கு என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. எந்தப் படிப்பு இந்த மாணவருக்குப் பொருந்தாது என்று முகத்துக்கு நேரே சொல்வது ஒன்று. அவர் போட்ட பாடத்திட்ட அட்டவணையைப் பார்த்து ‘இந்த வரியை அவர்கள் ஏற்கமாட்டார்கள், இதற்கு ஆதாரம் எங்கே’ என்று கேட்பது ஒன்று. குளிர்காலப் பருவத்துக்குக் குறிவைக்கிறவரை, அதற்கு முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே ஏபிஎஸ்ஸுக்கும் மொழித் தேர்வுக்கும் நாள் குறிக்க வைப்பது இன்னொன்று. பிளஸ் டூ முடித்ததும் நேரே இளநிலைக்குப் போகத் துடிக்கும் பிள்ளையிடம், பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் காட்டிப் பெரும்பாலும் நேரடியாக நுழைய முடியாது, இங்கே ஓராண்டு படித்துவிட்டோ ஸ்டூடியன்கோலெக் என்ற ஆயத்தப் படிப்பு வழியாகவோ போக வேண்டியிருக்கும் என்று பொறுமையாக விளக்குவதும் இதில் சேரும். இவை மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசும் வேலைகள்; மணிக்கணக்குக்கே கட்டணம் வாங்கலாம், வாங்குவதில் தவறில்லை. சேர்க்கை கிடைத்தால்தான் பணம் என்ற ஏற்பாட்டைவிட அது நேர்மையானது என்றே சொல்வேன். ஏனென்றால் கிடைக்காத இடத்தைக் கிடைக்காது என்று சொல்லும் சுதந்திரம் அதில் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கன்சல்டன்சியில் முன்பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்துக்கான மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் என் பிள்ளையிடம் இருக்குமா? நீங்கள் பரிந்துரைக்கும் கல்லூரிகளில் எவற்றிடமிருந்து உங்களுக்குக் கமிஷன் வருகிறது? நான் கட்டும் தொகையில் எது அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகிறது, எது உங்களுக்கு? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் தரும் தாளில் ஏபிஎஸ்ஸுக்கு நேராக எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 18,000-க்கு மேல் இருந்தால், மீதி எதற்கு என்று அங்கேயே கேட்டுவிட்டு மற்றவற்றைப் பேசுங்கள்.